பி வேல்யூ வரல மேடம்

என் அறைக் கதவை யாரும் முழுசாகத் திறப்பதில்லை. பாதி திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "மேடம், பிஸியா?" என்பார்கள். கழுத்தில் ஸ்டெத், கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி, கையில் ஒரு பென்டிரைவ். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்.

"பி வேல்யூ வரல மேடம்."

கேஸ் சிலிண்டர் வரல, தண்ணி லாரி வரல என்கிற அதே தொனி. புக் பண்ணியாச்சு, வரவேண்டியது, ஏனோ வந்து சேரவில்லை. பி வேல்யூ என்பது, நிஜத்தில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் தற்செயலாகக் கண்ணில் படும் வாய்ப்பு. அது 0.05-க்குக் கீழே ஒரு எண்ணாக வந்துவிட்டால் தீசிஸ் முடிந்தது. வராவிட்டால் கோளாறு கம்ப்யூட்டரில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் என்னிடம்.

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையில் புள்ளியியல் பார்ப்பவள். எம்.எஸ்சி. முடித்து இந்த வேலைக்கு வந்து பதினேழு வருடமாகிறது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பிள்ளைகளை நான் "டாக்டர்" என்பேன், அவர்கள் என்னை "மேடம்" என்பார்கள். இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு கிடையாது. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு மேஜை அகலத்துக்கு இடைவெளி உண்டு. அந்த மேஜைமேல் கிடத்தி நிறைய ஆராய்ச்சிகளுக்குத் துணி போர்த்தியிருக்கிறேன்.

இந்த உவமை என்னுடையது இல்லை. 1938-ல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய ரொனால்ட் ஃபிஷர், நவீன புள்ளியியலின் முன்னோடி, சொன்னது: எல்லாம் முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவரால் சொல்ல முடியும். எங்கள் துறையின் ஜன்னலில் நின்றால் நிஜ மார்ச்சுவரியே தெரியும் என்பதால் எனக்கு அந்த உரைமேல் தனிப் பிரியம்.

பென்டிரைவுக்குள் இருப்பதற்கு 'மாஸ்டர் சார்ட்' என்று பெயர். பி.ஜி., அதாவது மருத்துவ மேற்படிப்பு, படித்தவர்களுக்குத் தெரியும். கேஸ் ஷீட்டிலிருந்தும் ப்ரொஃபார்மா என்கிற ஆய்வுக் கேள்விப் படிவத்திலிருந்தும் எடுத்து, ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்று எக்ஸெல்லில் அடித்து, தீசிஸின் கடைசியில் பொடி எழுத்தில் அச்சடித்து ஒட்டுவார்கள். ரத்தக் கொதிப்பு என்கிற ஒரே விஷயம் அதில் ஐந்து விதமாக இருக்கும்: எச்டிஎன், எஸ்எச்டி, பிபி, 'ஆம்', வெறும் ஒரு டிக். பாலினம் என்ற பத்தியில் ஆணைக் குறிக்கும் 'மேல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மென்பொருளுக்கு அது மூன்றாவது பாலினம். இதையெல்லாம் துடைத்துக் கழுவுவதில்தான் என் நாளில் முக்கால்வாசி போகும். கணக்குப் போடுவது கடைசி அரை மணி நேர வேலை.

2020-ல் ஊரடங்கு வந்ததும் பாதிக் கதவும் மூடிக்கொண்டது. பி.ஜி.க்கள் எல்லோரும் கோவிட் வார்டில். அந்தப் பிளாக்கிலிருந்து இந்தப் பிளாக்குக்கு யாரும் வரக்கூடாது. தீசிஸ் தேதி மட்டும் அப்படியே நின்றது. வேறு வழியில்லாமல் கூகுள் ஷீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் திறந்தேன். "மாஸ்டர் சார்ட்டை இதுல ஏத்துங்க, நான் இங்கிருந்தே பாக்கறேன்." அப்போது இதைத் தற்காலிக ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு நோயாளி சிக்கினார். மருத்துவமனையில் தங்கிய நாட்கள்: மைனஸ் 302.

சேர்ந்த தேதி 12/03/2019, வீட்டுக்குப் போன தேதி 02/04/2019. நமக்குத் தெரியும், மார்ச் 12-லிருந்து ஏப்ரல் 2 வரை, 21 நாள். அந்தப் பையனின் லேப்டாப் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்திருக்கிறது. ஆக டிசம்பர் 3-ல் சேர்ந்து, அதே வருடம் பிப்ரவரி 4-ல் குணமாகிப் போய்விட்டார். இது பரவாயில்லை, மைனஸ் கண்ணில் குத்திவிடும். கண்ணில் குத்தாத வகைதான் ஆபத்து. மார்ச் 5-ல் சேர்ந்து மார்ச் 9-ல் போனவர், மே 3 முதல் செப்டம்பர் 3 வரை 123 நாள் படுத்திருந்ததாக இருந்தார். 123 நாள் என்பது நடக்கவே நடக்காத விஷயமில்லையே. நான் அதை நம்பியிருப்பேன். நம்பாதவர் எலும்பு முறிவுத் துறையின் அந்த பி.ஜி.தான். "மேடம், இவரை எனக்குத் தெரியும், முழங்கைதான், நாலு நாள்ல அனுப்பிட்டோம்" என்று அந்தக் கட்டத்தின் ஓரத்திலேயே எழுதினார்.

எக்ஸெல்லின் இந்தத் தேதி வியாதி உலகப் பிரசித்தம். செப்டின் வகை மரபணுக்களின் சுருக்கப் பெயரை அடித்தால் அது செப்டம்பராக மாறிவிடும். மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு கடைசியில் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருள் திருந்தும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது.

நான் சொல்லவந்தது தேதியைப் பற்றி அல்ல, அந்த ஓரக்குறிப்பைப் பற்றி. பத்து வருடத்துக்கு மேல் நேரில் பேசியும் வராத பேச்சு, கட்டத்தின் மூலையில் முளைத்த அந்த மஞ்சள் முக்கோணத்தில் வந்தது. ஏன் என்று பிறகு யோசித்தேன். என் அறையில் உட்கார்ந்தால் அவர்களுக்கு அவசரம், எனக்கு அதிகாரம். 'இன்டர்குவார்டைல் ரேஞ்ச்' என்று நான் சொன்னால் புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். 'ஆஸ்சைட்டிஸ் க்ரேட் டூ' என்று அவர்கள் சொன்னால் நானும் அதே மாதிரி தலையாட்டுவேன். யாருக்கும் புரியாமல் இரண்டு தலைகள் ஆடிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஓரக்குறிப்பில் முகம் தெரியாது. நிதானமாக, ராத்திரி டூட்டி நடுவில், ஒரு வரி கேட்கலாம். முட்டாள்தனமான கேள்வி என்று தோன்றினால் அனுப்புவதற்கு முன் அழிக்கலாம். பெரும்பாலும் அழிப்பதில்லை.

எனக்கே அதில் பாடம் நடந்தது. டெங்கு நோயாளிகளின் தாள் ஒன்றில் ப்ளேட்லெட் 9,000 என்று இருந்தது. சுற்றிலும் எண்பதாயிரம், ஒரு லட்சம். ஒரு சைபர் விட்டுப்போயிருக்கும் என்று 90,000 ஆக்கிவிட்டு, "திருத்தியிருக்கிறேன்" என்று குறிப்பும் போட்டேன். பெருமை வேறு. காலை நாலு மணிக்குப் பதில் வந்திருந்தது: "மேடம், 9,000 கரெக்ட். அந்தப் பொண்ணுக்கு நான்தான் நைட் பூரா ப்ளேட்லெட் ஏத்தினேன்."

பென்டிரைவ் காலமாக இருந்தால் அந்தப் பெண் என் கையால் 90,000 ஆகவே தீசிஸில் அச்சாகியிருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு நான் ஒரு எண்ணையும் நேரடியாகத் தொடுவதில்லை. பக்கத்துக் கட்டத்தில் கேள்வி போடுவேன், மாற்றவேண்டியவர் மாற்றட்டும்.

இதற்கென்றே ஒழுங்காகச் செய்த கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிஸ் குழுவினர் 2004-ல் உருவாக்கிய ரெட்கேப். லாப நோக்கமில்லாத நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் காசு கிடையாது. யார், எப்போது, எந்த எண்ணை எதிலிருந்து எதாக மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றும் பதிவாகும். ஆணுக்குக் கர்ப்பகாலம் கேட்காது. 12/03 என்று குழப்ப விடாது. ஆனால் அதை நிறுவ சர்வர் வேண்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எங்கள் இடத்தில் பிரிண்டருக்கு டோனர் வாங்கவே மூன்று கையெழுத்து. ஆகவே எங்களுக்கு வாய்த்தது கூகுள் ஷீட்தான். வசதியான இடங்களில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

தரவு நுழைவதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து விளக்கத் தாள் ஒன்று எழுதிக்கொள்வதற்கு நிகரான கருவி எதையும் நான் பார்க்கவில்லை. அதே ஷீட்டில் இரண்டாவது டேப். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி: பெயர் என்ன, அலகு என்ன, என்னென்ன பதில் வரலாம், தெரியாவிட்டால் என்ன போடுவது. கேட்பதற்கு அரை மணி நேர வேலை போலிருக்கும். முதல் தடவை ஜெனரல் மெடிசின் டாக்டர் ஒருவரோடு கூகுள் மீட்டில் இதைச் செய்தபோது 'புகைப்பழக்கம்' என்ற ஒற்றை வரியிலேயே நாற்பது நிமிடம் ஓடியது.

"ஆம், இல்லைன்னு போட்டா போதாதா மேடம்?"

"போன வருஷம் விட்டவர் ஆமா, இல்லையா?"

"விட்டவர்னா இல்லை. ஆனா முப்பது வருஷம் குடிச்சிருப்பாரு, நுரையீரலுக்கு அது தெரியாதே."

"பீடி?"

"பீடியும் சேத்துதான். ஹான்ஸ் வேற வரும் மேடம், அது புகை இல்ல, வாய்ல அடக்கறது."

அந்த நாற்பது நிமிடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பி வேல்யூவைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே முதல்முறையாக மருத்துவம் பேசப்பட்டது என்றே சொல்வேன். திரையில் ஒரே தாள், இரண்டு பேரின் கர்சரும் ஒரே கட்டத்தில் மினுக்கிக்கொண்டு. நேரில் மேஜைக்கு இரு பக்கம் எதிரெதிராக உட்கார்ந்திருந்த நாங்கள் திரையில் ஒரே பக்கம் உட்கார்ந்துவிட்டோம்.

எதைக் கேட்கலாம் என்று பேசத் தொடங்கினால் எதைக் கேட்க வேண்டாம் என்பதும் வரும். புள்ளியியல்காரர்களுக்கு அங்கேதான் வலிக்கும். அதே 2020-ல், கோவிட்டுக்கு எந்த மருந்து பலிக்கும் என்று பார்க்க ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடத்திய ரெக்கவரி ஆய்வை இதற்காகவே நான் மாணவர்களுக்குக் காட்டுவேன். மார்ச் 19-ல் முதல் நோயாளி. வார்டில் மூச்சுவிட நேரமில்லாத டாக்டர் ஒரு சின்ன இணையப் படிவத்தை நிரப்பினால், எந்தக் குழு என்று திரையே சொல்லிவிடும். பிறகு 28 நாள் முடிவிலோ, அதற்கு முன் வீட்டுக்குப் போனாலோ இறந்தாலோ, இன்னும் ஒரே ஒரு படிவம். ஜூன் 16-க்குள் விடை வந்துவிட்டது: டெக்ஸாமெத்தசோன் கொடுத்த 2,104 பேர், கொடுக்காத 4,321 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாக இறங்கியது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பழைய மாத்திரை. படிவத்தில் இன்னும் அறுபது கேள்வி சேர்க்க அங்கேயும் யாருக்காவது கை அரித்திருக்கும். சேர்த்திருந்தால் அந்த வார்டு டாக்டர் எத்தனை பேரைப் பதிவு செய்திருப்பார்? எங்கள் பி.ஜி.க்களின் ப்ரொஃபார்மா பன்னிரண்டு பக்கம் வரும். அதில் எட்டு பக்கத்தை யாரும் ஆராய்வதே இல்லை.

என்னிடம் வரும் நேரத்தை மாற்றிய கருவி வேறொன்று, அதற்கு அந்த நோக்கமே கிடையாது. இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு, சி.டி.ஆர்.ஐ. 2007 ஜூலையில் தொடங்கியது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்பார்கள். அந்த இணையப் படிவத்தில் 'முதன்மை விளைவு' (ஆய்வு முக்கியமாக அளக்கப்போவது எது) என்றொரு கட்டம், 'எத்தனை பேர்' என்றொரு கட்டம். காலியாக விட்டால் மேலே நகராது. அதிலிருந்து கதவில் வேறு வாக்கியம் கேட்கத் தொடங்கியது: "மேடம், ப்ரைமரி அவுட்கம்னு கேக்குது, அதுல என்ன போடறது?" ஃபிஷர் 1938-ல் சொல்லியும் நடக்காததை, நட்சத்திரக் குறி போட்ட ஒரு கட்டம் செய்துவிட்டது. "முப்பது போதுமா மேடம்?" என்ற கேள்வி மட்டும் இன்னும் சாகவில்லை. எதற்கு முப்பது என்றால், "சீனியர் முப்பதுதான் எடுத்தாங்க."

இணையம் கெடுத்ததையும் சொல்லவேண்டும். வாட்ஸ்அப். 'மாஸ்டர் சார்ட் ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் கரெக்டட் நியூ' என்று ஒரே ராத்திரியில் மூன்று கோப்பு வரும். நான் இரண்டாவதில் கணக்குப் போட்டு முடித்திருப்பேன். கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதில் நோயாளியின் பெயர், ஊர், செல்போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று இருக்கும். திட்டலாம்தான், ஆனால் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை குறைவு. ஆரம்பத்தில் ஒரு தாளை 'லிங்க் இருக்கும் எவரும் பார்க்கலாம்' என்ற நிலையில் இரண்டு வாரம் திறந்து வைத்திருந்தவள் நான். பால்வினை நோய்ப் பிரிவின் தாள் அது. யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் அதை நினைத்தால் இப்போதும் அடிவயிறு இழுக்கும். இப்போதெல்லாம் பெயரும் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) டாக்டரின் நோட்டில் மட்டும் இருக்கும். ஷீட்டில் வரிசை எண்தான். நோட்டு பூட்டிய அலமாரியில்.

கடைசியாக, மயக்கவியல் துறைத் தீசிஸ் ஒன்று. மூன்று வருடமாகிறது, இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

குடலிறக்க அறுவை முடிந்தவர்களுக்கு வலி குறைக்க இரண்டு வழிகள். 'ஏ' குழுவுக்கு வெட்டிய இடத்தைச் சுற்றியே மரப்பு ஊசி. 'பி' குழுவுக்கு அல்ட்ராசவுண்டில் பார்த்து, வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே. ஒவ்வொன்றிலும் 30 பேர். 2, 6, 12, 24 மணி நேரத்தில் வலி எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் கேட்கவேண்டும். ஷீட் என் முன்னால் நிரம்பிக்கொண்டே வந்தது. 12 மணி நேரப் பத்தியில் 'பி' குழுவில் 22 பேருக்கு 0. 'ஏ' குழுவில் ஆறு பேருக்குத்தான். சும்மா போட்டுப் பார்த்தேன். பி வேல்யூ வந்தது, 0.001-க்கும் கீழே, கூப்பிடாமலேயே வந்து வாசலில் நின்றது.

வயிற்றைக் கிழித்துத் தைத்த 22 பேருக்கு வலியே இல்லையா? பத்தியின் தலைப்பில் ஓரக்குறிப்பு போட்டேன்: "இந்த 0 என்றால் வலி இல்லை என்றார்களா, கேட்கவில்லையா?"

அந்தத் தீசிஸைச் செய்துகொண்டிருந்த டாக்டர் பெண்ணிடமிருந்து அன்று ராத்திரியே பதில். "தூங்கிட்டு இருந்தாங்க மேடம். எழுப்பல. தூங்கறவங்களுக்கு வலி இல்லைன்னுதானே?"

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தூங்குகிற நோயாளியை எழுப்பி "வலிக்குதா?" என்று கேட்கத் தோன்றாதது நல்ல டாக்டரின் குணம்தான். 'தூங்கினார்' என்று தனியாக ஒரு குறி வைத்துக்கொண்டோம். ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. 'பி' குழு மட்டும் ஏன் இவ்வளவு தூங்குகிறது? ஊசி அவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ? அப்படித்தான் நானும் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

மயக்கவியல் துறையின் சீஃப் லிங்க்கைத் திறக்கவே மாட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. "எனக்குப் பேப்பர்ல குடும்மா" என்பார். ஆகவே அந்தப் பெண் ஷீட்டை, என் ஓரக்குறிப்புகளையும் சேர்த்து, ஏ-3 தாளில் அச்சடித்துக்கொண்டு போய் ஓ.டி. (அறுவை அரங்கு) காபி அறையில் வைத்தாள். அவர் பென்சிலால் 12 மணி நேரப் பத்தியின் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

'பி எல்லாம் மத்தியான கேஸா?'

ஓ.டி. ரெஜிஸ்டரைப் பார்த்து, அறுவை முடிந்த நேரத்தை ஒரு புதுப் பத்தியாக அவள் சேர்த்தாள். 'ஏ' குழுவில் முக்கால்வாசிப் பேர் காலை பத்து, பத்தரைக்கு முடிந்தவர்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் ராத்திரி பத்து, மாத்திரை கொடுக்கச் சிஸ்டர் வரும் நேரம், முழித்திருப்பார்கள். 'பி' குழு பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு முடிந்தவர்கள். அவர்களுக்கு அது பின்னிரவு இரண்டு மணி. யார்தான் தூங்கமாட்டார்கள்?

யாருக்கு எந்த ஊசி என்று, குலுக்கல் மாதிரி, மூடிய உறை பிரித்துத் தீர்மானிப்பதுதானே, எப்படிப் 'பி' எல்லாம் மதியத்தில் போய் விழுந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஓரக்குறிப்பில் வந்தது: "அல்ட்ராசவுண்ட் மெஷின் காலைல வேற ஓ.டி.ல இருக்கும் மேடம். மத்தியானம்தான் எங்களுக்குக் கிடைக்கும். 'பி' உறை வந்தா அந்த கேஸை லிஸ்ட்ல கடைசிக்கு மாத்திடுவோம்."

அந்த ஓ.டி.யில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். மெஷின் எப்போது எங்கே இருக்கும் என்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம், சொல்லவேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை. அறுவை நேரம் என்று ஒரு பத்தி கேட்க எனக்கும் தோன்றவில்லை. விளக்கத் தாளை நாங்கள் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருந்தோம்.

12 மணி நேரக் கணக்கை எடுத்துவிட்டோம். மற்ற நேரங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. அதையும், மெஷின் கதையையும் அப்படியே தீசிஸில் எழுதினாள். வைவாவில் வெளித் தேர்வாளர் மெஷின் கதையைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டாராம்.

சீஃப் போன வருடம் ஓய்வு பெற்றார். அதுவரைக்கும் அந்தத் துறைத் தாள்கள் எல்லாம் அப்படியே நடந்தன. ஷீட்டிலிருந்து அச்சு, அச்சில் பென்சில், பென்சிலிலிருந்து படம், படத்தைப் பார்த்து நான் மறுபடி ஷீட்டின் ஓரக்குறிப்பில் அடிப்பேன், அவர் பெயரைப் போட்டு. அவர் கையெழுத்து டாக்டர் கையெழுத்துதான். சில நாள் ஒரு வரியைப் படிக்க ஃபார்மசியில் இருக்கும் தம்பியைத்தான் கூப்பிடவேண்டியிருந்தது.